மேலே போகாத பெயர்

முப்பது வருடங்களுக்கு மேல் நில அலுவலகத்தில் மனுக்களைத் திருப்பி அனுப்பியவன் நான். சொர்க்கமும் ஓர் அலுவலகம்தான் என்று தெரிந்தபோது மகிழ்ந்தேன்.

சொன்னவன் என் பால்ய நண்பன், புலாவ் செபாங் ஊரில் சீனர்களின் தாவோ கோயில் பூசாரி. எங்கள் ரப்பர் தோட்டத்து மளிகைக்கடைச் சீனரின் மகன்; தமிழை எங்களோடு புழுதியில் புரண்டு கற்றவன். அவர்கள் பூசையில் வாயால் வேண்டினால் போதாது. மஞ்சள் தாளில் மனு எழுத வேண்டும்: பெயர், முகவரி, காரணம், முத்திரை. உரக்க வாசித்து எரித்தால் மேலே போய்ச் சேரும். நகல் வைப்பதில்லை என்பது மட்டுமே என் ஆட்சேபம்.

நான் ஓய்வு பெற்றபின் வியாழக்கிழமை தோறும் காலையில் காப்பிக்கடையில் சந்திப்போம். பேரரசர் காலத்துச் சீனாவில் அவனுடைய குருபரம்பரையில் வந்த ஒரு குருவின் வாழ்க்கையை அவன் சொல்வான். நான் தமிழில் எழுதுவேன். மழை வேண்ட அரண்மனைக்குப் போனது, முத்திரையை மூங்கில் குழாயில் மறைத்துக்கொண்டு மலையேறியது என்று இரண்டு நோட்டுப் புத்தகங்கள் நிரம்பின.

போன வருடம் என் மனைவி நோயில் விழுந்தாள். கோயில் பூசை மனுவில் சேர்க்க நண்பன் அவள் பெயரைக் கேட்டு வாங்கினான்.

"போட்டாச்சு லா, கவலப்படாத."

தாள் எரியும்போது நான் கைகூப்பி நின்றேன். படிக்காத தாளில் ஒருநாளும் கையெழுத்து வைக்காதவன், சீன எழுத்தில் ஒன்றுகூடத் தெரியாமல் கும்பிட்டேன். படுக்கையில் இருந்தவள், "மேல போயிருச்சா?" என்று கேட்டாள். "போயிருச்சு" என்றேன். மறு மாதம் இறந்துபோனாள்.

சென்ற வியாழன் குருவின் கதையில் ஓர் ஆளுநர் வந்தார். அவருடைய தாயாருக்கு உடல்நலமில்லை. ஆளுநர் குருவுக்கு நெருங்கிய நண்பர்தான். ஆனால் கோயிலில் பதிவான குடும்பங்களின் பட்டியலில் இல்லாதவர்.

"பட்டியல்ல இல்லாத பேரு ஒண்ணு போனாலும் மொத்த மனுவும் திரும்பி வந்துரும். குரு என்னா செஞ்சாரு தெரியுமா? பேர சேர்த்துட்டேன்னு சொல்லிட்டு, சேர்க்காமலே எரிச்சிட்டாரு. ஆளு நிம்மதியா வீட்டுக்குப் போனான். அதான்டா கருணை!"

பேனாவை மூடினேன். "என் வீட்டுக்காரி எந்தப் பட்டியல்லடா இருந்தா?"

அவன் காப்பியைக் கலக்கினான். சர்க்கரையே போடாத காப்பி.

"ஆயிரம் குடும்பத்து மனு லா அது. உனக்கு ஆறுதலா இருக்கட்டும்னுதான்..."

"என் ஆபீஸ்ல மனுவத் தள்ளுபடி செஞ்சா லெட்டர் குடுப்போம். மனு போட்டவங்க வேற வழியாவது பாப்பாங்க. நான் அவகிட்ட போயிருச்சுன்னு சொன்னேன்டா."

அவன் ஏதோ சலுகை கண்டுபிடித்தவன் போல நிமிர்ந்தான்.

"எங்க சீன ஏழாம் மாசப் பூசையில போட்டுருவோம். அதுக்குப் பட்டியலே வேணாம். சொந்தபந்தம் இல்லாத ஆவிங்களுக்குச் செய்யறது."

முறைப்படி அவன் சொன்னது சரிதான்.

"அவளுக்கு நான் இருக்கேன்டா" என்று எழுந்தேன். நோட்டுப் புத்தகங்களை அவன் பக்கம் தள்ளினேன். ஆளுநரின் தாயார் பிழைத்தாரா என்று நான் கேட்கவில்லை. அந்த இடத்தோடு குருவின் வாழ்க்கை தமிழில் நிற்கிறது.