மூன்று குட்டை விசில்

நாற்பது வருஷமாக ஊரே பேசாமல் ஒதுக்கிவைத்த மனிதருக்கு நாக்கே துருப்பிடித்துப் போயிருக்க வேண்டும். வில்ஃப் நாட்ரஸுக்கு அப்படி ஆகவில்லை. வீட்டில் மனைவி டோரீன் இருந்தாள், ஷெட்டில் நீராவி இன்ஜின் இருந்தது. இரண்டோடும் பேசுவார். எதிர்த்துப் பேசியது டோரீன் மட்டும்தான்.

"இன்னிக்காவது உங்காளு வாயத் திறப்பானா?" என்றாள் அந்த ஞாயிறு விடிகாலையில், ரொட்டிக்குள் பன்றிக்கறியை வைத்து மடித்தபடி.

"கென்னா? பச்சைக் கொடிய வேணா விரிப்பான்."

"இன்னிக்கு உங்களுக்குக் கடைசி நாள்னு தெரியுமில்ல அவனுக்கு?"

"நோட்டீஸ் போர்டுல ஒட்டியிருக்கு. படிக்கத் தெரிஞ்சவன்தானே."

கண் பரிசோதனையில் வில்ஃப் தேறவில்லை. நாளையிலிருந்து இன்ஜினில் ஏறக்கூடாது. எழுபது வயதில் அது பெரிய துக்கமாகவும் இல்லை, அப்பாடா என்றுதான் இருந்தது. போவதற்குள் கென் டுலிப்பின் வாயிலிருந்து ஒரு வார்த்தை கேட்டுவிட வேண்டும். அந்த ஒரு ஆசைதான் அவருக்கு மிச்சம்.

இருவரும் ராவன்லா நிலக்கரிச் சுரங்கத்தின் கரி ரயிலில் ஒன்றாக வேலை பார்த்தவர்கள். வில்ஃப் டிரைவர், கென் கார்டு. எண்பத்து நாலில் ஸ்டிரைக் வந்தது. பதினோரு மாதம் வில்ஃபும் சுரங்க வாசலில் நின்றார், கஞ்சித்தொட்டியில் வரிசை கட்டினார். பிறகு ஒரு செவ்வாய்க்கிழமை, கல்லெறிக்குப் பயந்து கம்பிவலை போட்ட கம்பெனி பஸ்ஸில் ஏறி வேலைக்குப் போய்விட்டார். அதற்கப்புறம் ஸ்டிரைக் நாலே வாரம்தான் தாங்கியது; கென் அந்த நாலு வாரமும் வாசலை விட்டு நகரவில்லை. கருங்காலி என்று அவர் வீட்டுக் கதவில் பெயின்டால் எழுதினார்கள். ஊர் முகத்தைத் திருப்பியது திருப்பியதுதான்.

சுரங்கத்தை மூடியபின், தண்டவாளத்தை இரும்புக் கடைக்கு விடாமல் ஊர்க்காரர்களே காப்பாற்றி, ஞாயிறுதோறும் சுற்றுலாக்காரர்களை ஏற்றி ஓட்டுகிறார்கள். இன்ஜினுக்குக் கரி கஜகஸ்தானிலிருந்து மூட்டையில் வருகிறது. அந்த வயிற்றெரிச்சலைச் சொல்ல ஆரம்பித்தால் இன்றைக்கு முடியாது. அந்தச் சரிவில் வண்டி இறக்கத் தெரிந்தவர் வேறு யாரும் இல்லாததால், வேண்டாவெறுப்பாக வில்ஃபைச் சேர்த்துக்கொண்டார்கள்.

ஆறு வருஷமாகக் கென்தான் கார்டு. சரிவு வந்ததும் வில்ஃப் மூன்று குட்டை விசில் அடிப்பார், கடைசிப் பெட்டியில் கென் பிரேக்கை இறுக்குவார். ஒரு நீள விசில் கேட்டால் தளர்த்துவார். பச்சைக் கொடி அசைந்தால் வண்டி கிளம்பும். ஒரு தடவைகூடப் பிசகியதில்லை. வண்டி நிறைய ஜனங்களின் உயிரை ஒருவரை நம்பி ஒருவர் ஒப்படைப்பார்கள், ஒரு குட்மார்னிங் மட்டும் சொல்லிக்கொள்ள மாட்டார்கள். இந்தக் கூத்தை எங்கே போய்ச் சொல்வது!

மதியம் பிளாட்பாரத்தில் ஒரு வெளியூர் அம்மாள் பூரித்துப்போனாள். "ரெண்டு பேரும் கூடப்பொறந்தவங்களா? என்ன ஒரு பொருத்தம்!"

கென் கடிகாரத்தைப் பார்த்தார். வில்ஃப் ஏற்கெனவே எண்ணெய் விட்ட இடத்தில் மறுபடி எண்ணெய் விட்டார்.

கடைசி வண்டியும் வந்து சேர்ந்தது. கூட்டம் கலைந்தது. வில்ஃப் ஷெட்டில் குனிந்து சாம்பல் வாரிக்கொண்டிருந்தபோது பின்னால் பூட்ஸ் சத்தம் வந்து நின்றது.

"அன்னிக்கு ஏன்யா போன?" என்றார் கென்.

வில்ஃப் நிமிர்ந்தார். பிள்ளைக்குக் காய்ச்சல், வீட்டு வாடகை என்று எத்தனையோ காரணங்களை மனசுக்குள் ஒத்திகை பார்த்திருக்கிறார். ஒன்றுகூட நிஜமில்லை. போக வேண்டாமென்று டோரீன் கையைப் பிடித்து இழுத்ததுதான் நிஜம்.

"களைச்சுப்போச்சு கென். வேற ஒண்ணுமில்ல. என்னால முடியல."

கென்னுக்குச் சுரங்கத்துத் தூசி தின்ற நெஞ்சு, மூச்சு வாங்கியது.

"எங்களுக்கு மட்டும் களைக்கலையா?"

குரலில் கோபமே இல்லை. கேட்டுவிட்டுக் கார் நிறுத்தியிருந்த பக்கம் மெதுவாக நடந்துபோனார்.

வில்ஃப் வீடு வந்து பூட்ஸைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்தார். முகத்தைப் பார்த்ததுமே டோரீனுக்குப் புரிந்துவிட்டது.

"பேசிட்டானா?"

"பேசினான்."

"திட்டினானா?"

"திட்டியிருந்தா தேவலையே," என்றார் வில்ஃப்.