நாலு கண் நாய் பார்க்க வேண்டும்

அப்பா எங்களை விட்டுப் பிரிந்து ஓராண்டு ஆகிறது. அவர் ஏற்றிய விளக்கு மட்டும் அணையவில்லை. அதனருகே உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன்.

குஜராத்து நவசாரியில் பிறந்தவர். பம்பாய் வியாபாரி ஒருவருக்குத் தோல் பார்த்து வாங்க ஆம்பூருக்கு வந்தவர், பாலாற்றங்கரையிலேயே தங்கிவிட்டார். இங்கே வேறு பார்சிக் குடும்பம் கிடையாது. அம்மாவும் என் சிறுவயதிலேயே போய்விட்டார். பிணத்தீட்டுக்கு அஞ்சுகிற மதம் எங்களுடையது. பிழைப்போ செத்த மாட்டின் தோல். மாலைதோறும் கிணற்றடியில் தலைமுழுகி, இடுப்பில் புனித நூலை அவிழ்த்துக் கட்டிய பிறகே விளக்கை நெருங்குவார். சுடரை வாயால் ஊதி அவர் அணைத்ததே இல்லை.

தோல் ஊறும் சுண்ணாம்புக் குழியில் வேலை செய்யும் முனுசாமி அண்ணன் ஒருநாள் கேட்டேவிட்டார்: "இன்னா சேட், நெருப்புதான் உங்க சாமியா? அப்ப எங்க அடுப்புலயும் ஒரு சாமி இருக்குது."

அப்பா வெகுநேரம் சிரித்தார். "அது சாமி இல்ல முனுசாமி. சாமிய நெனச்சி நிக்கறப்ப நாம பாக்கற வெளிச்சம்."

பிறகு சொன்னார்: பழம்பாரசீகத்தில் பல தெய்வங்களுக்கு அஞ்சி மாடுகளைப் பலியிட்டார்கள். மாட்டின் உயிர் வானத்தைப் பார்த்து, எனக்கு யார் துணை என்று அழுதது. அதற்காக அனுப்பப்பட்டவர் எங்கள் இறைத்தூதர் ஜரதுஷ்டிரர். எல்லாவற்றையும் படைத்த ஞானப் பேரிறைவன் அஹுரா மஸ்தா ஒருவரே. மெய்யா பொய்யா என்று நாள்தோறும் நாமே தேர்ந்துகொள்ள வேண்டும் என்றார் ஜரதுஷ்டிரர்.

"மாடு அழுதுச்சா? அப்ப நாம இன்னா பண்ணிக்கினு இருக்கோம் சேட்?"

 அப்பா அன்றிரவு சாப்பிடவில்லை.

கண்ணுக்கு மேலே இரண்டு செம்புள்ளி கொண்ட கறுப்பு நாய் ஒன்று எங்கள் தெருவில் உண்டு. நாலு கண் நாய் என்போம். முதல் கவளம் அதற்கு வைத்த பின்பே அப்பா உண்பார். நெஞ்சுவலியில் படுத்திருந்த கடைசி வாரத்தில், வாசலில் முனுசாமி அண்ணன் நிற்க, என்னிடம் ஒன்றே ஒன்று கேட்டார்: "அது வந்து பாக்காம என்னத் தூக்கிடாதம்மா." உயிர் பிரிந்த உடலை நாய் பார்த்தால்தான் சாவின் தீமை விலகும் என்பது எங்கள் வழக்கம்.

அவர் போன காலையில் வீடு நிறைய ஊரார். வாசற்படியில் அது வந்து நின்றது. துக்க வீட்டில் நாயா என்று யாரோ அதட்ட, கோலை எடுத்தவள் நான். ஆம்பூரில் பிறந்து வளர்ந்த கை, யோசிக்கவில்லை. அடி விழுந்தது. நாய் ஆற்றை நோக்கி ஓடிவிட்டது.

சென்னை இராயபுரத்தில் எங்களவர் இடுகாடு இருக்கிறது. ரயிலுக்கு நேரமாகித் தூக்கப்போகையில், வெளியே ஒதுங்கி நின்ற முனுசாமி அண்ணன் மெல்லச் சொன்னார்: "ம்மா, நாயி பாக்கலியே."

பெற்ற மகள் மறந்தேன். அவர் மறக்கவில்லை.

அவர் ஆற்றுப் பக்கம் அதைத் தேடி ஓட, நாங்கள் காத்திருந்தோம்; அந்த ரயில் போய்விட்டது. வெயில் ஏறிய பிறகு அவர் வந்தார், தோளில் நாய், முழங்கையில் அதன் பல் பட்ட ரத்தம். இறக்கிவிட்டதும் அது உள்ளே வந்தது. அப்பாவின் முகத்தை நின்று பார்த்தது. பிறகு என் கையைப் பார்த்தது. கோல் இல்லையென்று இரண்டு கையையும் விரித்துக் காட்டினேன்.

தோள் கொடுத்தவர்களுக்கும், அடுத்த ரயில்வரை உடன் இருந்தவர்களுக்கும், இராயபுரத்து உறவுகளுக்கும், முனுசாமி அண்ணனுக்கும் அதே விரித்த கைகளால் நன்றி சொல்கிறேன். முதல் கவளத்தை இப்போது நான்தான் வைக்கிறேன். நான் உள்ளே போன பிறகுதான் அது தின்கிறது.