ஊர் திரும்பும் கல்

புதிதாக வருகிறவர் சாகாமல் இருக்க நான்கு சாமான்கள் போதும் என்பார் என் மாமா. ஒரு விளக்கு, ஒரு கயிறு, சிவப்பு மருந்து அடைத்த ஒரு குப்பி, ஊர் திரும்பும் கல் ஒன்று. அவர் சொன்னது கடலுக்குப் போவதைப் பற்றி அல்ல. கடலுக்குப் போக அவருக்கு இதில் ஒன்றுமே வேண்டியிருக்கவில்லை, ஒரு பீடிக்கட்டு இருந்தால் போதும். அவர் சொன்னது செல்போனில் ஆடும் விளையாட்டைப் பற்றி.

மாமா என்றால் அம்மாவின் தம்பி. பழவேற்காட்டில் ஏரிக்கும் கடலுக்கும் நடுவே மணல்மேட்டில் இருக்கிற எங்கள் குப்பத்தில், அடுத்த வீடு அவருடையது. அரசாங்கம் வரிசையாகக் கட்டிக்கொடுத்த வீடுகள் அவை. இரண்டு வீட்டுக்கும் ஒரே சுவர். இங்கே தும்மினால் அங்கே 'நூறு' என்பார்கள். மாமா புதுப் போன் வாங்கியபோது, கண்ணாடி உடைந்த பழைய போனை எனக்குக் கொடுத்தார். எனக்கு அப்போது பத்து வயது. பெண்பிள்ளைக்கு எதற்கு இந்தச் சனியன் என்று அம்மா கத்தியதை நாங்கள் இருவருமே காதில் போட்டுக்கொள்ளவில்லை.

அந்த விளையாட்டில் பாழடைந்த கோட்டைகள் உண்டு, பூதங்கள் உண்டு, அலையே இல்லாத ஒரு கறுப்பு ஏரி உண்டு. கத்தியும் கேடயமும் எடுத்துக்கொண்டு தன்னந்தனியாக அலைய வேண்டும். தெரிந்தவர் யாராவது உள்ளே வந்தாலும் வெளியே போனாலும் இருவர் போனிலும் ஒரு மணி அடிக்கும், வந்தவரோடு சேர்ந்து நடக்கலாம். மாமாவின் ஆள் நீலப் போர்வை போர்த்தியிருப்பான். தன் படகுக்கு அடித்த அதே நீலத்தைத் தேடிப்பிடித்து அவனுக்கும் போட்டிருந்தார். நான் கோட்டை வாசலை அடைவதற்குள் ஏழெட்டு தடவை செத்துவிடுவேன். "வலையில மாட்ன நண்டுகூட உன்ன மாதிரி சாவாது" என்று மாமா சிரிப்பார். அப்புறம் பையிலிருந்து எனக்கு ஒரு குப்பியோ கயிறோ எடுத்துப் போடுவார். கீழே விழுந்த பொருளைத் தொட்டால் அது நம்முடையதாகிவிடும்.

"கல்ல மட்டும் யாருக்கும் குடுத்துடாத. எங்க மாட்டிக்கினாலும் அத்த தேய்ச்சா ஊருக்கு வந்துடலாம்" என்று அவர் ஒரு நாள் சொல்லிக்கொண்டிருந்தார். பக்கத்தில் அத்தை, அதாவது மாமாவின் மனைவி, வலையிலிருந்து நண்டுகளைப் பிரித்துக்கொண்டிருந்தாள். "அப்போ நெசத்துலயும் அதுல ஒண்ணு வாங்கி இடுப்புல சொருவிக்கினு போ. வூட்டுக்கு நேரத்துக்கு வரலாம்" என்றாள், தலையைத் தூக்காமலே. அவர்களுக்குக் கல்யாணமாகி அதிக நாளாகவில்லை. மாமாவையே கிண்டலடித்துச் சிரிக்கவைக்க அத்தையால்தான் முடியும்.

வாடைக்காற்று வீசத் தொடங்கிய சமயத்தில், போட்டுவைத்த நண்டு வலையை எடுக்க மாமா தனியாகப் போனார். உப்புத் தண்ணீர் பட்டால் கெட்டுப்போகும் என்று புதுப் போனை வீட்டிலேயே சார்ஜில் போட்டுவிட்டுத்தான் போனார். முகத்துவாரத்துக்கு வடக்கே அவருடைய படகு மட்டும் கிடைத்தது. பாதி வலை படகிலும் பாதி தண்ணீரிலுமாக இருந்தது. எங்கள் குப்பத்துப் படகுகள் எல்லாம் தேடின. என் நைனா, அதாவது அப்பா, ஆந்திரக் கரை வரைக்கும் போய்க் குப்பம் குப்பமாகக் கேட்டுவிட்டு, வெறுங்கையோடு வந்து படுத்துக்கொண்டார். துடுப்பும் மஞ்சள் மழைக்கோட்டும் மிதந்து கிடைத்தன. ஆள் கிடைக்கவில்லை.

எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. காணாமல் போனவனின் பொருள் தண்ணீரில் கிடைத்தால் அதை வீட்டுக்குக் கொண்டுபோகக் கூடாது. அம்மன் கோயிலுக்கு எதிரே மணலில் வைத்துவிட வேண்டும். அவனே வந்து எடுத்துக்கொள்ளட்டும் என்று அர்த்தம். அவன் வருமுன் வேறொருவர் அதை எடுத்தால் அவன் வரமாட்டான். அதனால் துடுப்பும் கோட்டும் அங்கேயே கிடந்தன. காற்றடித்தால் கோட்டின் கை மட்டும் எழுந்து எழுந்து படுக்கும். கடைக்குப் போகும்போது நான் அந்தப் பக்கம் பார்க்காமல் ஓடுவேன்.

உடல் கிடைக்காதவனுக்கு, அவன் உடுத்திய சட்டையை ஒரு பலகையில் கிடத்தி, கரையில் காரியம் செய்வார்கள். ஊர்ப் பெரியவர்கள் வந்து கேட்டார்கள். அத்தை மாட்டேன் என்றுவிட்டாள். மறுபடியும் வந்தார்கள். மறுபடியும் மாட்டேன் என்றாள். நெற்றியில் பொட்டும் தலையில் பூவுமாக மீன் ஏலத்துக்குப் போனாள், நண்டு விற்றாள், வந்து கதவைச் சாத்திக்கொண்டாள். அவள் அழுது யாரும் பார்க்கவில்லை. கல்நெஞ்சக்காரி என்று சிலர் சொன்னார்கள். நான் மட்டும் மனதுக்குள் அவள் கட்சியில் இருந்தேன்.

மீன் விற்று முடிந்து குப்பமே அயர்ந்து தூங்கும் மத்தியானத்தில், அத்தை வீட்டுப் பின்சுவரில் சாய்ந்து உட்கார்ந்துதான் நான் விளையாடுவேன். அங்கேதான் சிக்னல் கிடைக்கும். மாமா போன பிறகு ரொம்ப நாள் அந்த விளையாட்டைத் திறக்கவில்லை. ஒரு மத்தியானம் என்னவோ தோன்றித் திறந்தேன். கறுப்பு ஏரிக்கரையில் நின்றுகொண்டிருந்தேன். மணி அடித்தது. கையிலிருந்த போனில் ஒரு முறை, அதன் பின்னாலேயே எங்கோ கிணற்றுக்குள் அடிப்பது போல மெதுவாக இன்னொரு முறை.

நீலப் போர்வை வந்தது.

மாமாவின் ஆள் மான் மாதிரி துள்ளி வருபவன். இது அப்படி வரவில்லை. இரண்டடி வைத்து நின்றது. திரும்பி, ஒரு சுவரில் போய் முட்டி, முட்டிக்கொண்டே அங்கேயே நடந்தது. பிறகு எப்படியோ விலகி ஏரிக்கரைக்கு வந்து, தண்ணீருக்கு ஓரடி முன்னால் நின்றுவிட்டது. நான் கையசைத்தேன். பதிலுக்கு அசைக்கவில்லை. உடம்பை மட்டும் மெல்ல மெல்ல என் பக்கம் திருப்பியது. திடீரென்று மறைந்தது. இரண்டு மணியும் அடித்தன.

பயந்தேனா சந்தோஷப்பட்டேனா என்று இப்போது கேட்டாலும் சொல்லத் தெரியாது. அன்று சாயங்காலம் எனக்குக் குளிர் எடுத்தது, அம்மா திருநீறு போட்டாள். வகுப்புத் தோழியிடம், வேறு யாருக்கோ நடந்தது போல இதைக் கேட்டேன். அவளும் மீனவர் வீட்டுப் பெண்தான், எல்லாம் தெரிந்தவள். "தண்ணில ரொம்ப நாள் இருந்தா நடக்கறது மறந்துடுமாம்" என்றாள். எனக்கு அது சரியாகவே பட்டது.

அதற்குப் பிறகு மத்தியானம்தோறும் அது வந்தது. ஒரு நாள் என் எதிரே வந்து நின்று, ஒரு விளக்கைக் கீழே போட்டது. இன்னொரு நாள் கயிறு. அப்புறம் மருந்துக் குப்பி. நான் எதையும் தொட்டு எடுத்துக்கொள்ளவில்லை. எப்படித் தொடுவேன்? காணாமல் போனவரின் பொருளல்லவா? எடுத்தால் மாமா வரமாட்டாரே. பொருளைத் தனதாக்காமல் காலால் தள்ளிக்கொண்டு போக அந்த விளையாட்டில் வழி உண்டு. அப்படியே ஒவ்வொன்றாக உருட்டிக்கொண்டுபோய், அங்கிருந்த கிணற்றோரமாக வரிசையாக வைத்தேன். இருட்டுக் குகையில் விளக்கில்லாமல் செத்தேன், பள்ளத்தில் கயிறில்லாமல் செத்தேன். கிணற்றோரம் எல்லாம் இருந்தன. நீலப் போர்வை அவற்றின் எதிரே போய் நின்று பார்க்கும். பார்த்துக்கொண்டே நிற்கும்.

ஒருமுறை தைரியம் வந்து, 'மாமா எப்ப வருவீங்க' என்று எழுதி அனுப்பினேன். அது அசையவில்லை. என் முதுகுக்குப் பின்னால் சுவருக்குள் ஏதோ பாத்திரம் உருண்ட சத்தம் கேட்டது. நீலப் போர்வை வெகுநேரம் அப்படியே நின்றுவிட்டு மறைந்தது.

பெரியவர்கள் மறுபடி வருவதாகச் சொல்லியிருந்த நாளுக்கு முந்தைய மத்தியானம் அது ஊர் திரும்பும் கல்லைப் போட்டது.

மற்றதெல்லாம் போகட்டும், இதைக் கொடுத்துவிட்டால் மாமா எப்படித் திரும்புவார்? யாருக்கும் கொடுக்காதே என்று சொன்னவரே அவர்தானே? வேண்டாம் மாமா, எடுத்துக்குங்க, எடுத்துக்குங்க என்று போனைப் பார்த்துக் கெஞ்சினேன். அது எடுக்கவில்லை. ஏரியோரமாகப் போய், தண்ணீரைப் பார்த்தபடி நின்று, மறைந்தது. கல்லையும் கிணற்றோரம் உருட்டி வைத்தேன்.

மறுநாள் பெரியவர்கள் வந்து அத்தை வீட்டு வாசலில் பாயில் உட்கார்ந்தார்கள். நைனாவும் அம்மாவும் இருந்தார்கள். பொழுதுக்கும் இப்படியே வைத்திருந்தால் அவன் ஆவிக்கு அமைதி இல்லை, ஏரிக்கும் ஆகாது என்று ஒருவர் பொறுமையாகச் சொன்னார். அத்தை தூணைப் பிடித்தபடி நின்றாள். அவள் மாட்டேன் என்று சொல்வாள் என்று காத்திருந்தேன். சொல்லவில்லை. எனக்குப் பொறுக்கவில்லை. கூட்டத்துக்கு நடுவில் போய் நின்றுகொண்டு கத்தினேன்.

"மாமா சாவல! நேத்துகூட வந்தாரு. எனக்குக் கல்லு போட்டுட்டுப் போனாரு!"

ஒரே நேரத்தில் எல்லோரும் பேசினார்கள். இன்னா கல்லு, எங்க வந்தான், பொண்ணுக்குக் காத்து பட்டிருக்கு, இன்னாடி ஒளர்றே என்று ஆளுக்கொரு பக்கம். அம்மா என் முதுகில் ஒன்று வைத்தாள். அந்தச் சத்தத்துக்கு நடுவில் அத்தை தூணை விட்டுவிட்டு வந்து என் எதிரே குந்தினாள்.

"எடுத்துக்கினியா?" என்றாள்.

"இல்ல அத்தை. எதையும் எடுக்கல. கெணத்தாண்ட வச்சிருக்கேன். மாமா வந்து எடுத்துக்குவாரு."

அத்தை என்னையே பார்த்தாள். அப்படி யாரும் என்னை அதற்குமுன் பார்த்ததில்லை. என் பரட்டை முடியைக் காதுக்குப் பின்னால் ஒதுக்கிவிட்டாள். இந்தப் புள்ளையும் என்ன மாதிரியே வழி பாத்து ஒக்காந்துக்கினு இருக்குது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். எழுந்து, பெரியவர்கள் பக்கம் திரும்பி, "நாள் வச்சிக்குங்க" என்றாள்.

எனக்கு உலகமே தலைகீழானது போல இருந்தது. மாமா உயிரோடு இருக்கிறார் என்று சாட்சி சொல்ல ஒருத்தி வந்தபிறகா ஒப்புக்கொள்வாள்? அதுவரை அவள் கட்சியில் நான் ஒருத்திதானே இருந்தேன்? காரியம் நடக்கும்வரை அவளோடு பேசவில்லை. அவள் கொடுத்த வேர்க்கடலை உருண்டையைக்கூட ஆட்டுக்குப் போட்டேன்.

காரியத்தன்று நைனா போய், கோயில் எதிரிலிருந்த துடுப்பை எடுத்தார். என் கண்ணெதிரே எடுத்தார். மழைக்கோட்டை உதறி மடித்து ஒரு சித்தப்பா வாங்கிக்கொண்டார். மாமாவின் கட்டம் போட்ட சட்டை பலகைமேல் போனது. அலை அதை வாங்க மாட்டாமல் இரண்டு தரம் திருப்பிக்கொண்டு வந்தது, பிறகு வாங்கிக்கொண்டது.

சோறு போட்டு எல்லோரும் கலைந்தபின் நான் சுவரோரம் போய் உட்கார்ந்து விளையாட்டைத் திறந்தேன். இரண்டு மணியும் அடித்தன. நீலப் போர்வை வந்தது. இப்போது சுவரில் முட்டவில்லை, நடை பழகியிருந்தது. நேராகக் கிணற்றோரம் வந்து, கல்லுக்கு அந்தப் பக்கம் நின்றது. இந்தப் பக்கம் நான்.

"எல்லாரும் சேர்ந்து உங்கள அனுப்பிட்டாங்க மாமா. அத்தைகூடத்தான்" என்று போனுக்குள் சொன்னேன். கோபத்தில் அழுகை முட்டியது. துடுப்பு போயிற்று, கோட்டு போயிற்று, இது ஒன்றை மட்டும் நான் காவல் காத்து என்ன ஆகப்போகிறது? விரலை வைத்து அழுத்தினேன். கல் என் பைக்குள் வந்துவிட்டது.

நீலப் போர்வை கொஞ்ச நேரம் நின்றது. பிறகு, முதல் தடவையாகக் கையை உயர்த்தி அசைத்தது. மறைந்தது. என் கையில் ஒரு மணி அடித்தது, என் முதுகுக்குப் பின்னால் சுவருக்குள் ஒரு மணி அடித்தது.

அதன்பிறகுதான் உள்ளே அத்தை அழத் தொடங்கினாள். மாமா போன நாளிலிருந்து அழாதவள் அப்படி ஓர் அழுகை அழுதாள். மாமாவின் புதுப் போன் அந்த வீட்டில்தான் இருக்கிறது என்பது எனக்குத் தெரியும். அதையும் இதையும் சேர்த்துப் பார்க்கத்தான் தெரியவில்லை. நாள் வைக்கச் சொன்ன வாயே இப்போது அழுகிறது, நீலிக்கண்ணீர் என்று நினைத்துக்கொண்டு, அழுகைச் சத்தம் கேட்காத இடமாகப் பார்த்து நகர்ந்து போய் உட்கார்ந்துகொண்டேன்.