கப்பல்காரருடன் பேசப் போனவள்

ஓடிப்போனாளாம். நாக்குக்கு எலும்பா இருக்கிறது, எப்படி வேண்டுமானாலும் புரளும். புருஷன் கைநடுக்கத்தோடு வீட்டில் உட்கார்ந்திருக்க, பேரன் பேத்தி எடுத்த தையல்காரம்மா ஒரு கப்பல்காரனோடு போய்விட்டாள் என்று மாடிக்காரி வீடுவீடாகச் சொல்லிக்கொண்டு போகிறாள். படியில் பார்த்துக் கேட்டபோது, "கப்பல்காரர்கிட்ட பேசணும், அதுக்குத்தான் போறேன்" என்று இவளே சொன்னாளாம். சொன்னாள்தான். இல்லை என்று யார் சொன்னது? அந்தக் கப்பல்காரர் கடலுக்கு அந்தப்பக்கம் இருக்கிற கிழவர் என்பதையும், அவர் முகம் கறுப்பா சிவப்பா என்று இவளுக்குத் தெரியாது என்பதையும் மாடிக்காரி கேட்டாளா? அரைக்கதை கேட்டவளுக்குத்தான் வாய் முழநீளம்.

தையல்காரம்மாவின் புருஷன் லிப்ட் பழுதுபார்க்கிறவர். வேலை போக மிச்ச நேரமெல்லாம், வீட்டிலிருந்தே காற்றுவழியாக உலகத்தோடு பேசுகிற ஹாம் ரேடியோதான். முறையாகப் பரீட்சை எழுதி லைசென்ஸ் வாங்கியவர். காற்றில் அவரைக் கூப்பிடுவதற்கென்று தனியாக ஒரு கால்சைன் உண்டு. மொட்டைமாடியிலிருந்து ஜன்னல் வழியாக ஒரு கம்பி இறங்கும். மேசைமேல் ரேடியோப் பெட்டி, பக்கத்தில் குமிழ் வைத்த சின்னத் தந்திக் கட்டை. குட்டிச் சத்தம், நெட்டைச் சத்தம் என்று மோர்ஸில் தட்டித்தான் பேசுவார்.

எதிர்முனையில் கப்பல்காரர். கப்பலில் ரேடியோ வேலை பார்த்து ஓய்ந்தவர். காது மந்தமாகி மனுஷப் பேச்சு விளங்காமல் போயிற்று, அந்தக் கீச்சுச் சத்தம் மட்டும் துல்லியமாக விழும். காலையில் இரண்டு பேரும் தட்டிக்கொள்ளாமல் பொழுது நகராது. என்ன பெரிய ராஜாங்க ரகசியம்? மழை வந்ததா, மூட்டுவலி எப்படி, மருமகள் பேசினாளா.

அறையை இரண்டாக்கிய தடுப்புக்கு இந்தப்பக்கம் இவளுடைய தையல் மெஷின். அவர் தட்டும்போதே வார்த்தையை வாய்க்குள் முணுமுணுப்பார். முணுமுணுப்பும் சத்தமும் ஜோடியாக வந்து விழுந்ததில், காலர் வைத்தபடியே இவளுக்கு மோர்ஸ் ஏறிவிட்டது. வெளியே மூச்சு விடவில்லை. விட்டால் அவர் முணுமுணுப்பை நிறுத்திவிடுவார், தன்னைப்பற்றி வெளியாளிடம் என்ன சொல்கிறார் என்று தெரியாமல் போய்விடும்.

அப்புறம்தான் அவருக்குக் கை நடுங்க ஆரம்பித்தது. ஒரு குட்டிச் சத்தம் தட்டினால் மூன்றாக விழும். பழகின ஆட்கள் ஒவ்வொருவராகக் கழன்றுகொண்டார்கள். கப்பல்காரர் மட்டும் திரும்பத் திரும்பக் கேட்டுப் பார்ப்பார். அதுவே இவருக்கு அவமானம்.

மருமகன் நல்ல பிள்ளை. கம்ப்யூட்டரை ரேடியோவோடு இணைத்து, "மாமா, இனிமே நீங்க தட்டவே வேணாம், ஒரு அமுக்கு அமுக்கினா இதுவே பேசிக்கும்" என்றான். பேசியது. இன்னார் நான், உன் சத்தம் இவ்வளவு கேட்கிறது, சரி, போய்வா. அவ்வளவுதான் அதற்குத் தெரிந்த பேச்சு. ஒரே வாரத்தில் பாதி உலகத்தோடு போய்வா சொல்லியாகிவிட்டது. மனுஷன் முகம் மட்டும் வாடிக்கொண்டே வந்தது. "கல்யாண வீட்டு வாசல்ல நின்னு கும்பிடு போடுற மாதிரி இருக்கு, உள்ள போய் உட்கார முடியல" என்றார். கப்பல்காரர் வீட்டில் கம்ப்யூட்டரும் கிடையாது, அவரோடு பேச இது உதவவும் இல்லை.

ஒருநாள் காலை கப்பல்காரர் கூப்பிடக் கூப்பிட இவர் கை கட்டையில் தத்தளித்தது. இவள் மெஷினை விட்டு எழுந்து வந்து, அவர் கையை எடுத்து மடியில் வைத்துவிட்டு, தானே தட்டினாள். சௌக்கியம், இன்றைக்கு இங்கே வெயில் என்று ஏதோ.

லிப்ட்காரர் அசையாமல் பார்த்துக்கொண்டிருந்தார். வார்த்தையின் கடைசி நெட்டைச் சத்தத்தைக் கொஞ்சம் இழுத்து விடுவது அவருடைய வழக்கம். இவளும் அப்படியே இழுத்தாள். ஒரே ஒருத்தரிடம் கேட்டுக் கற்றவளுக்கு வேறெப்படி வரும்? ஒவ்வொருத்தர் தட்டுவதும் கையெழுத்து மாதிரி, இவளுடையது அச்சு அசல் அவருடையது. காதுக்கருவியில் பதில் வந்ததும் அவர் கண் கலங்கிற்று.

"கை தேறிடுச்சேன்னு சந்தோஷப்படறான். வீட்டுல எல்லாரையும் கூப்பிட்டுச் சொல்றானாம்" என்றார். சொல்லிவிட்டு ரேடியோவை அணைத்தார்.

மறுநாள் போடவில்லை. அதற்கு மறுநாளும் இல்லை. என் பேரில் உன் கை பேசக்கூடாது என்றார். லைசென்ஸ் இல்லாதவனை லிப்ட் குழிக்குள் எட்டிப்பார்க்கக்கூட விடாத மனுஷன், கட்டையை மட்டும் தொட விடுவாரா? விஷயத்தைக் கடிதமாக எழுதிப் போடலாமே என்று மகள் சொன்னாள். போடலாம், பொய் தீரும், அப்புறம் தினமும் யாரோடு பேசுவது என்று கேட்டார். அவர் சாப்பாடு பாதியானது, பேச்சு கால்வாசியானது.

சரி, எனக்கும் ஒரு கால்சைன் வாங்கிக்கொள்கிறேன் என்று கிளம்பினாள் தையல்காரம்மா. என் பேரில் என் கையால் தட்டி, உள்ளதைச் சொல்லி, உங்கள் பேச்சையும் நானே கொண்டு போகிறேன், அதில் என்ன பொய் என்றாள். சரி, எழுது என்றார்.

கரண்ட், கம்பி பாடமெல்லாம் மகள் படித்துக் காட்டினாள். அது ஏறியது. மோர்ஸ்தான் காலை வாரியது. பரீட்சையில் தட்டிக் காட்ட வேண்டும், அது வரும். சத்தம் கேட்டும் எழுத வேண்டும், அங்கே மெஷின்தான் தட்டுமாம். மருமகன் கம்ப்யூட்டரில் போட்டுக் காட்டினான். இவளுக்கு ஒரு எழுத்தும் பிடிபடவில்லை. எல்லாம் அளந்து வெட்டின மாதிரி ஒரே சீர். இழுப்பு இல்லை, முணுமுணுப்பு இல்லை. புருஷன் தட்டினால் விளங்கும், உலகம் தட்டினால் விளங்காது. இப்படியும் ஒரு படிப்பு உண்டா?

விடுவாளா? துணி வெட்டும்போதும் கம்ப்யூட்டரைக் கீச்சிட விட்டாள், எழுத்து ஒவ்வொன்றாகக் காதில் ஏறிற்று. மாடிக்காரிக்குச் சந்தேகம் வந்தது அப்போதுதான், புருஷன் ஓய்ந்த வீட்டில் யாருக்குச் சமிக்ஞை என்று. இவள் காதைத் தீட்டிக்கொண்டிருந்தாள், அவள் நாக்கை.

பரீட்சை வெளியூரில். தங்கை வீட்டில் தங்கிக்கொள்ள ஏற்பாடு. கிளம்புகிற அன்று மகள் வந்து அப்பாவைப் பார்த்துக்கொண்டாள். லிப்ட்காரர் சுவரைப் பிடித்துக்கொண்டு வாசல்வரை வந்தார்.

"யாருகிட்ட கத்துக்கிட்டேன்னு கேட்டா என் பேரைச் சொல்லாதே. என் இழுப்பைப் பாத்து மார்க்கைக் குறைச்சிடப் போறாங்க."

"சொல்லத்தான் போறேன்" என்று செருப்பை மாட்டிக்கொண்டு, போய்ட்டு வரேங்க என்றபடி படியிறங்கினாள்.