சாயம் ஏறிய விரல்கள்

ஆரணிப் பள்ளிக்கூடமொன்றில் பெண்களின் வாக்குரிமை வரலாற்றுக் கண்காட்சி நடக்கிறது. வந்தவாசி பஸ்ஸுக்கு நேரமிருப்பதால் கைக்குழந்தையுடன் நுழைகிறேன். மை வைத்த விரலின் படத்தைப் பார்த்துப் பக்கத்திலிருக்கும் அம்மாள் சிரிக்கிறார். பட்டு நூலுக்குச் சாயம் போடுபவராம். பத்து விரல்களும் கருநீலமாக இருக்கின்றன.

"போன வாரம் எலெக்சன்ல என் விரலப் பாத்துட்டு, ஏற்கெனவே ஓட்டு போட்டுட்டேன்னு தொரத்துனாங்கம்மா. இது சாயம்யான்னு சண்ட போட்டுகினே நின்னேன்."

"அப்புறம்?"

"பொழுது சாயறப்பதான் உள்ள வுட்டாங்க. போட்டுட்டுதான் வூட்டுக்குப் போனேன். உன் விரலு சுத்தமா கீதே, நீ போட்டியா?"

குழந்தைக்குக் காய்ச்சல் என்று சொல்ல வாயெடுக்கிறேன். காய்ச்சல் தேர்தலன்று காலையிலேயே விட்டிருந்தது. வரிசைதான் நீளமாக இருந்தது.

"இல்லைங்க," என்கிறேன்.