அணுவுக்கு அடியில் ஒரு தோல் துண்டு

ஆம்பூரில் ரயிலேறிக் காட்பாடி வரை நின்றுகொண்டே படித்து வாங்கிய எம்.எஸ்சி. பதக்கம், "பொம்பளப் புள்ளைக்கு அணு எதுக்கு?" என்ற பெரியப்பாவே வழியனுப்ப வந்த விமானப் பயணம், இரண்டு முறை மறுக்கப்பட்டு மூன்றாம் முறை கிடைத்த ஆராய்ச்சி இடம், எல்லாவற்றுக்கும் மேல், கேட்டவர்களுக்கெல்லாம் கிடைத்துவிடாத, ஆய்வுக்கூட இயந்திரத்தில் பதினோரு நாள் மறு அளவீடு. சங்கீதா வென்றவற்றை அவள் அண்ணன் ஜெயப்பிரகாஷ் இந்த வரிசையில்தான் சொல்வார். பத்தாவதோடு நின்று, ஷூ கம்பெனியில் தரச் சோதனை மேசையில் உட்கார்ந்தவர். வரிசை தப்பினால் முதலிலிருந்து தொடங்குவார்.

முப்பத்தொரு வயதாகிறது அவளுக்கு. டீயை ஆறவிட்டுத்தான் குடிப்பாள். ஜன்னல் திரைக்குத் துணி எடுக்கப் போனாலும் மூன்று முறை அளப்பாள். என்ன வேலை என்று கேட்டால் சலிக்காமல் சொல்வாள்:

"அணுவுல எலக்ட்ரான் இருக்கிற எடத்துல, கேயான்னு ஒரு கனமான துகள மாட்டி வுட்றோம். அது படிப்படியா உள்ள எறங்கும். படிக்கு ஒரு எக்ஸ்ரே வரும். கடைசிப் படியில அணுக்கரு அத்த இஸ்துக்கும். அப்ப வர்ற எக்ஸ்ரே கொஞ்சம் நவுந்து வரும். எவ்ளோ நவுருதுன்னு பாக்கறதுதான் வேல."

வெளிநாட்டு ஆய்வுக்கூடத்தில் அவளே பொருத்திய எக்ஸ்ரே உணர்கருவி லேசாக ஆடியது. கைப்பையின் அடியில் கிடந்த தோல் துண்டை எடுத்து முட்டுக் கொடுத்தாள். ஆடும் மேசைக்கு, தோல் பதனிடும் ஆம்பூரில் எல்லோரும் செய்வதுதான். நான்கு மாத அளவீட்டுக்குப் பிறகு, வரைபடத்தில் அவர்கள் தேடிய இடத்தை ஒட்டி ஒரு மேடு எழுந்தது. குழுவே மகிழ்ந்தது. அவள் மட்டும் எந்த உலோகத்தின் எக்ஸ்ரே எந்த இடத்தில் வரும் என்ற பட்டியலை எடுத்து ஒப்பிட்டாள். மேடு நின்றது குரோமியத்தின் இடத்தில். கருவியின் கூடோ முழுக்க அலுமினியம்; குரோமியம் வர வழியே இல்லை.

அன்று ஊருக்கு போன் வந்தது.

"அண்ணா, பைக்கு அடியில போடச் சொல்லி ஒரு துண்டு குடுத்தியே, அது க்ரோம்ல பதம் பண்ண தோலா?"

"ஷூவுக்கு வேற இன்னா தோல் போடுவாங்க? ஏன், பிஞ்சிப்போச்சா?"

"இல்லண்ணா. நல்லா ஒழைக்குது."

குழுவில் மூத்தவன் வாணியம்பாடி ஃபைஸான். விஷயம் தெரிந்ததும் விழுந்து விழுந்து சிரித்தான். "அணுவுக்கே செருப்பு தெச்சவ உலகத்துல நீ ஒருத்திதான்."

சிரிப்பு அடங்கியதும் அவனுக்குக் கவலை வந்தது. மறுபடி அளக்க, கேயான்களைத் தரும் இயந்திரத்தில் நாள் கிடைப்பது அரிது. மார்ச்சில் அவளுடைய ஆராய்ச்சிக் காலமும் முடிகிறது. தோல் தந்த மேட்டைக் கணக்கில் கழித்துவிடலாம், யாருக்கும் தெரியாது என்றான்.

"எவ்ளோ கழிக்கணும்னு எனக்கே தெரியாது. குத்துமதிப்பா போட்டா அதுக்குப் பேரு அளவா? திரும்ப எடுப்போம்."

"குடுக்கலன்னா? உன் படிப்பே பேஜாராயிடும்."

"குடுக்கலன்னா, ஒண்ணும் அளக்கலன்னு எழுதுவேன்."

ஆய்வின் பொதுப் பதிவேட்டில் அதுவரை எழுதியவர்கள் மூத்தவர்கள் மட்டுமே. சங்கீதா அதைத் தன் பக்கம் இழுத்தாள். எந்தத் தோல், எந்த இடம், எந்த நாளிலிருந்து என்று வரிசையாக எழுதி, வைத்தது நான் என்று முடித்தாள். ஃபைஸானின் உள்ளங்கை பக்கத்தின் அடியை மறைத்திருந்தது. அவன் விரல்களை ஒவ்வொன்றாக விலக்கி, அந்த இடத்தில் முழுப் பெயரையும் எழுதிக் கையெழுத்திட்டாள். அந்தப் பதிவேட்டில் அவளுடைய முதல் கையெழுத்து. 2024 நவம்பர் 14.