மேரியின் மாடு கொடுத்த இரைப்பை நீர்

சிங்காநல்லூரில், மண்டபத்துக்குப் பின்னால் கொட்டியிருந்த கல்யாணச் சோற்றை எங்கள் பசு வயிறு முட்டத் தின்றுவிட்டது. விடிந்தபோது அசைபோடாமல், எழ முடியாமல் கிடந்தது. வயிற்றில் ஏறிய புளிப்பை முறிக்க மாட்டு டாக்டர் வந்து மருந்து கொடுத்தார்.

"செரிக்க வெக்கிற நுண்ணுயிரெல்லாம் செத்துப்போச்சுங்க. நல்ல மாட்டோட இரைப்பைத் தண்ணி குடுத்தாப் பொழைக்கும்" என்றார்.

அதை எடுக்கத் தன் கறவை மாட்டின் தொண்டையில் குழாய் விட யார் சம்மதிப்பார்கள்? கலங்கி நின்றேன். விஷயம் கேள்விப்பட்டு, தெருவுக்குப் புதிதாகக் குடிவந்த மேரி தன் மாட்டை ஓட்டிவந்தார். அவரிடம் நான் பேசியதே இல்லை.

"உங்க மாட்டுக்கு ஏதாச்சும் ஆயிட்டா?" என்றேன்.

"அதுக்கு மறுக்கா ஊறிக்குமுங்க. உங்குளுது எந்திரிக்கோணுமல்லங்க" என்று அவரே மாட்டின் தலையை அணைத்துப் பிடித்துக்கொண்டார்.

மறுநாள் எங்கள் பசு அசைபோட்டது. நான் அழுதுவிட்டேன்.

மேரிக்கு இருந்தது அந்த ஒரு மாடுதான் என்று பிறகுதான் தெரிந்தது. அவர் இடத்தில் நான் கொடுத்திருப்பேனா, தெரியாது. இனிமேல் கொடுப்பேன்.